ஊசி போடும் இடத்தில் கட்டி, அரிப்பு, கன்றல்: வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம் "எங்கே போடுகிறீர்கள்?" என்று கேட்டால், பலர் யோசிக்காமல் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். "இங்க போட்டா வலிக்கவே வலிக்காது சிஸ்டர்" என்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் உள்ளே கெட்டியாகத் தட்டுப்படும். வலி தெரியாமல் போனதற்கே அந்தக் கட்டிதான் காரணம். அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராமல் போவதற்கும் அதுதான் காரணம்.

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். கால் புண்ணைக் காட்டுவார்கள், கண் மங்குவதைச் சொல்வார்கள். ஊசி போட்ட இடத்தில் வந்த கட்டியை மட்டும் யாரும் தாமாகச் சொல்வதில்லை. "ஊசின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இதில் பொறுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். சரிசெய்யக் கூடியது நிறைய இருக்கிறது. பெரும்பாலும் இன்சுலினைப் பற்றியே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியில் அதுதான் அதிகம். மற்ற ஊசிகளைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வந்திருப்பது என்ன?

ஊசி போட்டதும் சின்னதாகச் சிவந்து, லேசாக அரித்து, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கினால் பயப்பட வேண்டாம். புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் இப்படி இருந்து, பிறகு தானாகக் குறையும். இன்சுலினோடு சேர்ந்திருக்கும் மெட்டாகிரெசால், துத்தநாகம், புரோட்டமின் போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வாரக்கணக்கில் ஒவ்வொரு ஊசிக்கும் தடித்து அரித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை இன்சுலினுக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

நீலமாகவோ பச்சையாகவோ கன்றிப்போவது, தோலுக்கடியில் ஒரு சின்ன ரத்தக்குழாயில் ஊசி பட்டதால் வருவது. பார்க்கத்தான் பயமாக இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதிகமாகக் கன்றும். அதற்காக அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் கட்டி. மருத்துவர்கள் இதை லிப்போஹைப்பர்ட்ரோஃபி என்பார்கள். இன்சுலினுக்கு கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும்போது அங்கிருக்கும் கொழுப்பு வீங்கித் தடித்துவிடுகிறது. இது அரிது என்று நினைத்துவிடாதீர்கள். 2013-ல் வெளியான ஒரு ஸ்பெயின் ஆய்வில் இன்சுலின் போடும் 430 பேரைத் தொட்டுப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் அளவுக்குப் பேருக்குக் கட்டி இருந்தது. இடத்தைச் சரியாக மாற்றி மாற்றிப் போட்டவர்களில் 5 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. நம் கையில் இருக்கும் வித்தியாசம் இது.

இதற்கு நேரெதிராகத் தோல் குழிந்து பள்ளமாவதும் உண்டு. இன்றைய இன்சுலின்களில் அது குறைவு.

முதல் இன்சுலின் ஊசியே தோலில் தொந்தரவு கொடுத்ததுதான். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதைப் போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லாததால் ஊசி போட்ட இடம் சீழ்க்கட்டியானது. கோலிப் என்பவர் மருந்தை இன்னும் சுத்திகரித்த பிறகு, ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோதுதான் பையன் தேறினான். இன்றைய இன்சுலின் மிகவும் சுத்தமானது. அதனால் சீழ் வைத்தால் "மருந்து சூடு" என்று விட்டுவிடக் கூடாது; கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

கட்டியைத் தேடுவது

இதை மாதம் ஒரு தடவை செய்தால் போதும். குளிக்கும்போது செய்வதுதான் சுலபம். சோப்பு நுரை இருக்கும்போது விரல் வழுக்கிப் போவதால் சின்ன மேடும் தெரியும்.

முதலில் நல்ல வெளிச்சத்தில் நின்று வயிறு, தொடை, மேல்கையைப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேடு தெரியும். ஆனால் பல கட்டிகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அதனால் நான்கு விரல்களையும் படுக்கையாக வைத்து, அழுத்தாமல், வட்டமாகத் தடவிக்கொண்டே வாருங்கள். வழுவழுவென்று போய்க்கொண்டிருந்த விரல் ஓரிடத்தில் தடுக்கும். அந்த இடத்தை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். ஊசியே படாத இடத்தையும் அப்படிக் கிள்ளிப் பாருங்கள். நல்ல தோல் மெல்லிசாக மடியும், கட்டி உள்ள தோல் மடியாது.

கிடைத்த கட்டியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ போகும்போது காட்ட வசதியாக இருக்கும். கூட்டமான ஓ.பி.யில் வயிற்றைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டே பலர் சொல்லாமல் வந்துவிடுகிறார்கள். போட்டோவைக் காட்டக் கூச்சம் இருக்காது.

கட்டியை விட்டு வெளியே வருவது: இங்கேதான் ஆபத்து

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கட்டிக்குள் போடும் இன்சுலின் மெதுவாகவும் தாறுமாறாகவும் உறிஞ்சப்படுகிறது. ஒருநாள் சர்க்கரை 300, மறுநாள் 65 என்று ஆடும். நோட்டில் 300-ஐப் பார்க்கும் மருத்துவர் அளவைக் கூட்டுவார். கட்டி இருக்கும் விஷயம் அவருக்குத் தெரியாது. இப்படியே 20 யூனிட் 28 ஆகும், 28 யூனிட் 36 ஆகும். ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று, அதே 36 யூனிட்டை நல்ல தோலில் போடுவீர்கள். இப்போது மருந்து முழுசாக வேலை செய்யும். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் ஓர் அம்மாவுக்கு நடந்தது இதுதான். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போகிறவர். கட்டியைப் பார்த்த ஒருவர் இடத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார், அளவைப் பற்றிச் சொல்லவில்லை. அதே அளவைத் தொடையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், கூடைகளுக்கு நடுவில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயில் சர்க்கரையைப் போட்டதால் தப்பித்தார்.

அதனால் இடத்தை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்: "இவ்வளவு நாளாகக் கட்டியில் போட்டுவந்தேன், இனி நல்ல தோலில் போடப் போகிறேன், அளவைக் குறைக்கணுமா?" பலருக்குக் குறைக்க வேண்டியிருக்கும், சிலருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறையும். எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யாதீர்கள். மாற்றிய முதல் ஒன்றிரண்டு வாரம் சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கையில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ இல்லாமல் வெளியே போகாதீர்கள். 70-க்குக் கீழே போனாலோ, கை நடுங்கி வியர்த்து மயக்கம் வருவதுபோல் இருந்தாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒதுக்கிவைத்த கட்டி கரைய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தைலம் தேய்ப்பதாலோ சுடுதண்ணீர் ஒத்தடத்தாலோ கரையாது. ஊசி படாமல் விட்டால்தான் கரையும்.

இடம் மாற்றும் கணக்கு

போடக்கூடிய இடங்கள் நான்கு: வயிறு, தொடையின் முன்பக்க வெளிப்பகுதி, மேல்கையின் பின்பக்கம், பிட்டத்தின் மேல் வெளிப்பகுதி. கையில் தானாகப் போட்டுக்கொள்வது கஷ்டம், தசையில் இறங்கிவிடும். வீட்டில் யாராவது போட்டுவிடுவார்கள் என்றால் மட்டும் கையைப் பயன்படுத்துங்கள்.

இன்று வயிறு, நாளை தொடை, மறுநாள் கை என்று தாவுவது சரியான மாற்றம் இல்லை. வயிற்றில் சாதாரண இன்சுலின் வேகமாக ஏறும், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாக ஏறும். தினம் தாவினால் சர்க்கரையும் தாவும். அந்தந்த வேளைக்கு ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குள்ளேயே நகருங்கள். அரசு மருத்துவமனையில் அதிகம் கொடுக்கும் 30/70 கலவை இன்சுலின் என்றால், காலையில் வயிறு, ராத்திரி தொடை அல்லது பிட்டம் என்று வைத்துக்கொள்வது பலருக்குப் பொருந்தும். நடு ராத்திரியில் சர்க்கரை இறங்கும் பயமும் குறையும்.

வயிற்றைத் தொப்புளை நடுவில் வைத்து நான்கு பாகமாகப் பிரியுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பாகம். அந்தப் பாகத்துக்குள் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் பாகங்களை மாற்றிக்கொண்டே வந்தால், முதல் பாகத்துக்குத் திரும்ப ஒரு மாதம் ஆகிவிடும். அதற்குள் தோல் ஆறிவிடும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தை விட்டுவிடுங்கள். தழும்பு, மச்சம், பிரசவக் கோடுகள், ஆபரேஷன் தையல் இவற்றின் மேலும் போடக் கூடாது.

நம் பெண்களுக்கு ஒரு தனி விஷயம் சொல்ல வேண்டும். பாவாடை நாடா இறுகும் கோட்டில் ஊசி போடாதீர்கள். நாள் முழுக்க அங்கே உராய்ந்து, வியர்வையும் சேர்ந்து, ஊசித்துளை புண்ணாகிறது. ஆண்களுக்கு பெல்ட்டும் லுங்கி முடிச்சும் அதே வேலையைச் செய்யும். எங்கள் பக்கத்துக் கடற்கரைப் புழுக்கத்தில், வயிறு மடியும் இடத்தில் சிவந்து ஈரமாகப் பூஞ்சைப் படை வருவதும் சகஜம். அது ஆறும்வரை அங்கே ஊசி வேண்டாம்.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பவர்கள், மாதக் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே "வ.மே", "இ.கீ" என்று எழுதுங்கள்: வலது மேல், இடது கீழ். பேரப்பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒருநாள் தவறாமல் எழுதுவார்கள்.

ஊசியும் சிரிஞ்சும்

இன்சுலின் பேனாவில் போடுபவர்களுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி போதும். குண்டாக இருப்பவர்கள் நீள ஊசி கேட்கிறார்கள். அது தேவையில்லை. தோலின் கனம் ஒல்லியானவர்களுக்கும் குண்டானவர்களுக்கும் ஏறக்குறைய 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். 4 மில்லிமீட்டர் அதைத் தாண்டிக் கொழுப்பில் இறங்கிவிடும். நீள ஊசி தசையில் குத்தும், வலிக்கும், ரத்தம் வரும், கன்றும். சிரிஞ்சில் போடுபவர்களுக்கு ஊசி இதைவிட நீளம். அதனால் தோலைக் கிள்ளித் தூக்கித்தான் போட வேண்டும். ஒல்லியானவர்கள் சாய்த்துப் போட வேண்டும்.

சிரிஞ்சு மூடியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மூடி 40 யூனிட் பாட்டிலுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், 10 என்று நினைத்துப் போடுவது 25 யூனிட் ஆகிவிடும். கடையில் எதைக் கொடுத்தாலும் பாட்டிலில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஒரு ஊசியை ஒரு தடவைதான் போட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் முனை மழுங்கித் தோலைக் கிழிக்கும். கட்டிக்கும் கன்றலுக்கும் இதுவும் ஒரு காரணம். தினக்கூலி வீட்டில் இந்தச் செலவு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதனால் திட்டமாட்டேன், கெஞ்சித்தான் கேட்கிறேன். மருந்து வாங்கும் இடத்திலேயே சிரிஞ்சும் கிடைக்குமா என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் கேளுங்கள். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது, அது புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி.

போடும் முறை

பிரிட்ஜில் இருந்து எடுத்த மருந்தை அப்படியே போட்டால் எரியும். அரை மணி நேரம் வெளியே வையுங்கள். திறந்த பாட்டிலை வெயில் படாத இடத்தில் வெளியிலேயே நான்கு வாரம்வரை வைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் ஓட்டு வீடும் ஷீட் வீடும் கொதிக்கும். அப்போது பிரிட்ஜ் இல்லாதவர்கள் பாட்டிலைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி மண்பானையில் வையுங்கள். பானை காற்றோட்டமான நிழலில் இருக்க வேண்டும். பிரிட்ஜ் இருப்பவர்கள் ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது.

கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குளித்துச் சுத்தமாக இருக்கும் தோலுக்கு ஸ்பிரிட் கட்டாயமில்லை. தடவினால் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் உள்ளே போய் எரியும். பலர் சொல்லும் எரிச்சல் மருந்தால் வருவதல்ல, இதனால் வருவதுதான். பால்போல் இருக்கும் கலவை இன்சுலினை உள்ளங்கையில் 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் கலக்குங்கள். குலுக்க வேண்டாம். உள்ளே கட்டி கட்டியாகத் தெரிந்தால் அந்த மருந்து கெட்டுப்போயிற்று.

அப்புறம், தோலை விரலால் ஒரு முறை தடவிக் கட்டி இல்லை என்று பாருங்கள். நேராக (சிரிஞ்சில் போடும் ஒல்லியானவர்கள் மட்டும் சாய்த்து), தயங்காமல் குத்துங்கள். மெதுவாகக் குத்துவதுதான் அதிகம் வலிக்கும். மருந்தை மெதுவாகச் செலுத்துங்கள். பேனா என்றால் 10 எண்ணிவிட்டு எடுங்கள். ரத்தம் வந்தால் பஞ்சால் சில நொடி அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். சேலை மேலேயோ சட்டை மேலேயோ குத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அரித்தால், தடித்தால், கன்றினால்

சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து 10 நிமிடம் வைத்தால் அரிப்பும் எரிச்சலும் அடங்கும். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி குறைவாக இருந்தால் குளிரில் தோல் புண்ணாவதே தெரியாது. கலமைன் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட், தைலம் எதுவும் வேண்டாம். ஊசித்துளை சின்னது என்றாலும் அது திறந்த வாசல்தான்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்குவது. அதில் பல, கடுமையான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்தவை. முதல் நாள் அரிப்பு நின்றுவிடும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து நிறம் மாறும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். மருத்துவர் எழுதாமல் அதைத் தொடாதீர்கள்.

சிவப்பு குறையாமல் பரவிக்கொண்டே போனால், தொட்டால் சுட்டால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நாளைக்குப் பார்க்கலாம் என்பதே ஆபத்து. உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடோ முகமோ வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் நேரம் பார்க்காமல் 108.

இன்சுலின் அல்லாத ஊசிகள்

கர்ப்ப காலத்திலும் ரத்தம் உறைவதைத் தடுக்கவும் போடும் எனாக்சாபரின் வயிற்றில் நிறையக் கன்றும். தோலைக் கிள்ளிப் பிடித்தபடியே முழு மருந்தையும் போட்டு, ஊசியை எடுத்த பிறகுதான் பிடியை விட வேண்டும். முன்பே நிரப்பி வரும் சிரிஞ்சின் மருந்து முழுவதையும் போடுவதாக இருந்தால் உள்ளிருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம். தேய்க்கவே கூடாது. கருத்த புண் வந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.

மூட்டுவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் போன்றவை ஊசி இடத்தில் சில நாள் சிவந்து வீங்க வைக்கலாம். போகப்போகக் குறையும். மருந்தை வெளியே எடுத்து வைத்துக் குளிர் போன பிறகு போடுவதே பாதி நிவாரணம். சொரியாசிஸ் திட்டுகளின் மேல் போடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் ஊசி வாரம் ஒரு முறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குப் போடும் கிளாட்டிராமர், தினமும் 20 மில்லிகிராம் அல்லது வாரம் மூன்று முறை 40 மில்லிகிராம். இதில் கட்டியைவிடக் குழி விழுவதுதான் பெரிய தொல்லை, சில குழிகள் நிரம்புவதே இல்லை. ஒரே இடத்துக்கு வாரத்தில் ஒரு முறைக்கு மேல் போகாதீர்கள். போட்ட சில நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டுவதுபோல் வந்து, கால் மணி, அரை மணியில் அடங்குவது இந்த மருந்தில் உண்டு. ஆனால் ஆபத்தான ஒவ்வாமையும் முதலில் அப்படியே தெரியும். பல வருடம் போட்டவர்களுக்கும் வரலாம். 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. எனவே அடங்காமல் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். அதே நோய்க்குப் போடும் இன்டர்ஃபெரானில் அபூர்வமாகத் தோல் கருத்துச் செத்துப்போகும். அந்த இடத்தில் மறுபடி ஊசி படக் கூடாது.

போட்ட ஊசியை எங்கே போடுவது

மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் விரலில் குத்திக்கொள்கிறார்கள். அதனால் மூடியை மாட்டாதீர்கள்; ஊசி போடும் முன்பே கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைத் தயாராக வையுங்கள். காலியான பினாயில் பாட்டில் போதும். சிரிஞ்சை அப்படியே உள்ளே போடுங்கள். பேனா ஊசியைப் பெரிய வெளி மூடியால் கழற்றிப் போடுங்கள். குப்பைக் கவரில் போட்டால் முதலில் குத்துவது தெருவில் குப்பை எடுக்கும் அக்காவின் கையில். அதிலிருந்தும் தப்பினால், கொடுங்கையூர் குப்பை மேட்டில் பொறுக்குபவர்களின் காலில். பாட்டில் முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி, மருந்து வாங்கும் மருத்துவமனையிலோ ரத்தம் எடுக்கும் லேபிலோ கேட்டுக் கொடுங்கள். வாங்கமாட்டேன் என்றால், குப்பை எடுப்பவர் கையில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.